‘தற்காலிக வீடு’ எத்தனை வருஷத்துக்கு? நாகை, லண்டன், யாழ்ப்பாணம் சொல்லும் பாடம்

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே டெல்டா மக்களுக்கு வானத்தின் மேல் ஒரு கண் இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சாவூர், திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் குடிசைகளையும் ஓட்டு வீடுகளையும் எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை.

இப்படி ஒரு பேரிடர் நடந்ததும் அடிபடும் வார்த்தை ‘தற்காலிக வீடு’. ஃபேக்டரியில் சுவரையும் கூரையையும் செய்து, லாரியில் கொண்டுவந்து, சில நாளில் பொருத்திவிடும் ‘ப்ரீஃபேப்’ வீடுகளும் இந்த வகைதான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உள்ளே குடியிருந்தவர்களின் அனுபவம் என்ன?

முதல்ல இது எப்படி ஆரம்பித்தது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி வீசிய குண்டுகளால் பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகள் நாசமாகின. போர்முனையிலிருந்து வீரர்கள் வேறு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். செங்கல்லும் இல்லை, கொத்தனாரும் இல்லை. அதனால் 1944-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து, தற்காலிக வீடுகளை ஃபேக்டரியில் தயாரிக்க முடிவு செய்தது அரசு. விமானம் செய்த ஆலைகளே அலுமினிய வீடு செய்யத் தொடங்கின. 1945 முதல் 1949 வரை சுமார் 1 லட்சத்து 56 ஆயிரம் வீடுகள் கட்டப்பட்டன.

‘பத்து வருஷம் தாங்கினால் போதும்’ என்பதுதான் கணக்கு. ஆனால் லண்டனின் கேட்ஃபோர்டு பகுதியில் இருந்த எக்ஸ்காலிபர் குடியிருப்பில் 60 வருஷம் தாண்டியும் மக்கள் வாழ்ந்தார்கள். இடிக்க வந்தபோது, ‘போக மாட்டோம்’ என்று பலர் எதிர்த்தார்கள். காரணம் எளிது. வீட்டுக்குள்ளேயே குளியலறை, கழிப்பறை, ஃப்ரிட்ஜ், வெளியே சின்னத் தோட்டம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் தொழிலாளி பலருக்கு இதெல்லாம் கனவு. அரசு நினைத்ததைவிடச் செலவு கூடியது உண்மை. ஆனால் தற்காலிக வீடு என்பதற்காக வசதியில் கை வைக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது?

1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த பகுதிதான் இன்றைய நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களைக் கல்யாண மண்டபங்களிலும் பள்ளிகளிலும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? அரசும் தொண்டு நிறுவனங்களும் வேகமாகத் தற்காலிகக் குடியிருப்புகளைப் போட்டன.

வேகம் சரிதான். பிரச்னை பொருளில் இருந்தது. பல இடங்களில் சுவரும் கூரையும் தார் பூசிய ஷீட். கறுப்பு நிறம் வெயிலை அப்படியே உறிஞ்சும். சித்திரை வெயிலில் பகல் நேரத்தில் உள்ளே உட்கார முடியவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மர நிழல் தேடிப் போனார்கள். சூட்டைக் குறைக்க மேலே கீற்று போட வேண்டி வந்தது. ஆனால் கீற்றும் தாரும் சேர்ந்தால், பக்கத்தில் விறகு அடுப்பு எரியும்போது தீப்பிடிக்கும் பயம் கூடவே வந்துவிடும்.

அடுத்து 2005 வடகிழக்குப் பருவமழை. தாழ்வான நிலத்தில், பேஸ்மட்டம் உயர்த்தாமல் போட்ட வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நிரந்தர வீட்டுக்கான அரசாணை 2005 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்று மதிப்பும் போட்டார்கள். ஆனால் நிலம் எடுத்து, மேடாக்கி, கட்டி முடிக்கும்வரை பல குடும்பங்கள் தார் ஷீட்டுக்குள்தான் இருந்தன.

யாழ்ப்பாணத்தில் ஏன் எதிர்ப்பு?

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் ஒரு லட்சத்துக்கும் மேல் வீடுகள் தேவைப்பட்டன. இந்தியா 50,000 வீடுகள் கட்ட உதவியது. இதில் பெரும்பகுதி வடக்கு, கிழக்கில் அமைந்தது. குடும்பத்தின் கணக்கில் தவணை தவணையாக இலங்கைப் பணம் ஐந்தரை லட்சம் ரூபாய் போடப்படும். அவங்களே ஆள் வைத்து, கல் வாங்கி, கட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு 2015-16-ல் இலங்கை அரசு, 65,000 எஃகு ப்ரீஃபேப் வீடுகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆர்செலர் மிட்டல் நிறுவனம் தேர்வானது. ஒரு வீட்டுக்குச் சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய் என்று பேசப்பட்டது. மாதிரி வீடும் கட்டிக் காட்டினார்கள்.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் பொறியியல் வல்லுநர்களும் கேட்ட கேள்விகள் இவை: உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? இந்த வெயிலுக்கு ஏற்றதா? பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் இன்னொரு அறை இழுக்க முடியுமா? ஊர் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை எங்கே? ஒரு எஃகு வீட்டின் காசில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்வீடு கட்டலாமே?

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். வீடே இல்லாத பலர் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தார்கள். கிடைப்பது எதுவாக இருந்தாலும் வேண்டும் என்ற நிலை. கடைசியில் அந்த 65,000 எஃகு வீடுகள் திட்டமிட்டபடி வரவே இல்லை.

நம்ம ஊரிலேயே இன்னொரு உதாரணம்

1983-க்குப் பிறகு போருக்குத் தப்பித் தமிழகம் வந்த ஈழத் தமிழர்களுக்கு முகாம்களில் கொடுத்தது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை. காவிரிக் கரை மாவட்டமான திருச்சியில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்கள் இருக்கின்றன. ‘கொஞ்ச நாளைக்கு’ என்று வந்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகளும் முகாமிலேயே பிறந்துவிட்டார்கள். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது 2021 ஆகஸ்டில்தான். கிட்டத்தட்ட 38 வருஷம்!

அப்போ ப்ரீஃபேப் வீடே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பதைவிட, பத்து நாளில் நிற்கும் ஒரு வீடு மேல். ஃபேக்டரியில் செய்ததால் ஒரு வீடு மோசமாகிவிடாது. எந்த ஊருக்கு, எத்தனை நாளைக்கு, யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்பதுதான் விஷயம். ‘ஆறு மாசம்’ என்று சொல்வது பல வருஷமாக நீள்வதை மேலே பார்த்தோம். அதனால் முதல் நாளே அதற்குத் தயாராகக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால், கிராம சபையிலோ கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. பேஸ்மட்டம், போன வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டத்தைவிட உயரமா?

2. கூரைக்கு அடியில் சூடு தடுக்க என்ன இருக்கிறது? காற்று போக வழி உண்டா?

3. காற்றில் பறக்காமல் கூரையும் தூணும் தரையோடு கட்டப்பட்டிருக்கிறதா?

4. சமையலுக்கும் கழிப்பறைக்கும் தனி இடம் உண்டா?

5. நிரந்தர வீடு எந்தத் தேதிக்குள்? நிலம் எங்கே?

இதில் ஐந்தாவது கேள்விக்கு மட்டும் பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.