கைத்தொலைபேசித் திரையும் எங்கள் விரல்களும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நண்பகலில் படகுக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கடலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாது. அப்படியான ஒரு வேளையில்தான் எங்கள் சங்கத்து நயினாதீவுச் சகோதரி ஒருவர், யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய 6,500 ரூபாவைத் தனது கைத்தொலைபேசியிலிருந்த ஒரு செயலி மூலம் அனுப்பினார். கோயில் திருவிழாவுக்கு விற்பதற்காக எடுத்த சாமான்களின் காசு அது. பொத்தானை அழுத்தினார். திரையில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. படகு வந்துவிட்டது, ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். இன்னொரு தரம் அழுத்தினார். நயினாதீவில் இறங்கிக் குறுஞ்செய்திகளைப் பார்த்தால், காசு இரண்டு தரம் போயிருந்தது.

வியாபாரி நல்ல மனிதர்தான். ஆனால் காசைத் திருப்பிக் கொடுக்கவில்லை, "அடுத்த முறைச் சாமானில் கழிச்சு விடுறன்" என்றார். திருவிழாவுக்குக் கையில் முதல் இல்லாமல் எங்கள் சகோதரி மீற்றர் வட்டிக்குக் கடன் எடுத்தார். பிறகு என்னிடம் வந்து சொன்னது இதுதான்: "எனக்கு அறிவு காணாது அக்கா. எட்டாம் வகுப்போட இடம்பெயர்ந்த எனக்கு ஏன் இந்தப் போன்?"

நானும் அன்று அவரைத்தான் கண்டித்தேன், "பாத்து அமத்தியிருக்கலாமே பிள்ளை" என்று. அவர் போன பின்னர்தான் மனம் உறுத்தியது. அடுத்த நாள் அந்தச் செயலியை என் போனில் ஏற்றி, நண்பகலில் முற்றத்தில் நின்று பார்த்தேன். வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்து. பொத்தானில் "உறுதிப்ப..." என்று பாதிச் சொல்தான் இருந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து செய்த பொத்தானுக்குள் எங்கள் சொல் கொள்ளவில்லை. அழுத்தியதும் "அனுப்புகிறோம், பொறுங்கள்" என்று ஒரு சொல் கிடையாது. சிறு வட்டம் ஒன்று சுழல்கிறது, அதுவும் வெயிலில் தெரியாது.

அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் நோர்மன் 1988 ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு நூல், அன்றாடப் பொருட்களைப் பற்றியது. தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடியைப் பூட்டி வைத்தால் எல்லோரும் இழுக்கத்தான் செய்வார்கள். அது இழுத்தவரின் பிழையல்ல, கதவைச் செய்தவரின் பிழை என்பது அவருடைய வாதம். எமது சகோதரியின் இரண்டாவது அழுத்தமும் அப்படியான ஓர் இழுப்புத்தான்.

இதை நான் இவ்வளவு யோசித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஊர்காவற்றுறைப் பக்கத்தில் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் பல வருடமாக நான் பொருளாளர். அங்கத்தவர் ஒருவரின் மகன் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறார். இறுதியாண்டு வேலையாக எங்கள் சேமிப்புக் கணக்கைப் பார்க்க ஒரு செயலி செய்து தருகிறேன் என்று வந்தார். முதல் தடவை கொண்டு வந்தபோது தம்பியின் முகத்தில் பெருமை. நாங்கள் ஏழு பேர் சுற்றியிருந்து பார்த்தோம்.

திரையின் கீழே ஒரு வீட்டுப் படம், அதன் கீழ் "வீடு" என்ற சொல். "இது வீட்டுத்திட்டத்துக்குப் பதியுறதோ தம்பி?" என்று ஒரு அம்மா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எங்களில் நாலு பேருக்கு அதே எண்ணம் வந்திருந்தது. முதற்பக்கத்துக்குத் திரும்பி வருவதற்கான அடையாளமாம் அது. அடுத்தது "சமர்ப்பிக்கவும்". "இதென்ன, அம்மன் கோயிலுக்கோ?" மேல் மூலையில் மூன்று கோடு, அதற்குள்தான் கடன் விபரம் முழுவதும் ஒளிந்திருந்தது. ஒருவர்கூட அதைத் தொடவில்லை. கோடு கீறியிருக்கிறது என்று நினைத்தார்களே தவிர, திறக்கும் கதவு என்று எப்படித் தெரியும்?

தம்பி சோர்ந்து போனார். ஆனாலும் விடவில்லை. இப்படியான விடயங்களை ஆராய்ந்தவர்களைத் தேடி வாசித்து, அடுத்த முறை வந்து எங்களுக்கும் சொன்னார். பெங்களூரில் மைக்ரோசொப்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்திராணி மேதி என்பவர், சேரிகளில் வாழ்ந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்காக எழுத்தே இல்லாத திரைகளைச் செய்து பார்த்தாராம். அப்பெண்களுக்குப் புகைப்படத்தை விடக் கையால் வரைந்த எளிய படமே இலகுவாக விளங்கியது. வெறும் பொருளை வரைந்தால் போதவில்லை. செய்கையையும் காட்ட வேண்டியிருந்தது. பாத்திரத்தை மட்டும் வரைந்தால் அது பாத்திரம், குழாயில் தண்ணீர் ஓடுவதாக வரைந்தால்தான் அது கழுவுகிற வேலை. படத்தோடு குரலும் சேர்ந்தபோது தயக்கம் குறைந்தது. 2013 இல் அவரது குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதிகம் படிக்க வாய்ப்பில்லாதவர்கள், ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் பட்டியல்களில் வழி தவறுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நிரலாக வைத்தால் தேடியதைக் கண்டெடுக்கிறார்கள். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்காமல் திண்ணையில் பரப்பி வைப்பது போல.

அக்கரையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007 அளவில் தொடங்கிய 'பிஷர் பிரண்ட்' என்ற மீனவர் செயலி, அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய இடம் ஆகியவற்றைத் தமிழில் சொல்கிறது. கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கிறது. எங்கள் நெடுந்தீவுக் கடலுக்கு அப்பாலுள்ள அதே எல்லைதான். ஆடுகிற வள்ளத்தில் ஈரக் கையோடு நிற்கிற ஒருவர் ஒரு பார்வையில் எவ்வளவு பார்க்க முடியும் என்பதை வைத்துத்தான் அப்படியான திரையைச் செய்ய வேண்டும். கருவாடு காயவிடுகிற, நண்டு உடைக்கிற எங்கள் கைகளும் உலர்ந்த கைகளல்லவே.

பின்னர் நாங்கள் செய்தது எந்தச் சங்கமும் செய்யக்கூடியது. பிஸ்கட் பெட்டி மட்டையைப் போன் அளவுக்கு வெட்டினோம். ஒவ்வொரு மட்டையிலும் ஒரு திரையைப் பென்சிலால் கீறினோம். ஒரு சகோதரியின் முன்னால் முதல் மட்டையை வைத்து, "உங்கட கடனில இன்னும் எவ்வளவு இருக்கு எண்டு பாருங்கோ" என்று மட்டும் சொல்வது. அவர் விரலை எங்கே வைக்கிறாரோ அதற்குரிய மட்டையை நான் மாற்றி வைப்பேன். சொல்லிக் கொடுக்கக் கூடாது. இதுதான் கடினமான பகுதி, சகோதரிகளே! வாயைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை, இரண்டு தரம் என்னை வெளியில் அனுப்பினார்கள். விரல் தயங்கும் இடத்தில் தம்பி ஒரு புள்ளி போடுவார். புள்ளி கூடிய இடத்தை அழித்து மறுபடி கீறுவோம். ஐந்து பேரிடம் இப்படிப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000 ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். எங்களுக்கு மூன்றாவது ஆளிலேயே பாதி வெளியே வந்துவிட்டது.

"வீடு" போய் "முதற்பக்கம்" வந்தது. "சமர்ப்பிக்கவும்" போய் "அனுப்பு". "இரத்துச்செய்" போய் "வேண்டாம்". மூன்று கோடு அடியோடு போனது. என் சேமிப்பு, என் கடன், அடுத்த கூட்டம், உதவி என்று நான்கு வரி, ஒன்றின் கீழ் ஒன்று. எழுத்து கறுப்பு, பின்னால் வெள்ளை. பொத்தான் எவ்வளவு பெரிது என்று கேட்டால், அன்ட்ரொயிட் போன்களுக்கு கூகுள் சொல்லும் அளவு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். அதற்குக் குறையக் கூடாது என்கிறார்கள். நாங்கள் இன்னும் பெரிதாக வைத்தோம். "அனுப்பு"வும் "வேண்டாம்" என்பதும் அருகருகே இருந்தன. அவற்றைத் தூரத் தூர வைத்தோம்.

செல் பட்டு வலக்கையில் மூன்று விரலை இழந்த சகோதரி ஒருவர் எங்களோடு இருக்கிறார். இடக்கையில் போனைப் பிடித்து அதே கைப் பெருவிரலால் அழுத்துபவர். மேல் வலது மூலையில் இருந்த எதுவும் அவருக்கு எட்டவில்லை. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதும் அவரால் இயலாது. அவருக்காக எல்லாவற்றையும் திரையின் கீழ்ப்பாதிக்கு இறக்கினோம். இறக்கிய பிறகு பார்த்தால், ஒரு கையில் பையோடு படகில் நிற்கிற எல்லோருக்கும் அதுவே வசதி.

எல்லாம் இப்படி நேராகப் போகவில்லை. திறந்தவுடன் சேமிப்புத் தொகை பெரிதாகத் தெரிய வேண்டும், ஓர் அழுத்தம் மிச்சம் என்பது தம்பியின் எண்ணம். எனக்கும் அது சரியென்றே பட்டது. கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. "படகில முழங்கால் முட்ட இருக்கிறம். பக்கத்தில இருக்கிறவ என்ர காசைப் பாக்கிறதோ?" என்றார் ஒருவர். இன்னொருவர் மெதுவாக, தன் போனை மகனும் எடுத்துப் பார்ப்பான், கடன் இருப்பது அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றார். ஆகவே தொகை இன்னொரு அழுத்தத்துக்குப் பின்னால் போனது. படியைக் குறைப்பதுதான் நல்லது என்று புத்தகங்கள் சொல்லலாம். தனியே குடும்பத்தைச் சுமக்கிற பெண்ணுக்கு ஒரு படி கூடுதலாக இருப்பதும் ஒரு மறைப்புத்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லாத் திரையும் தெரியாமல் குழப்புவதில்லை. வேண்டுமென்றே குழப்புகிறவையும் இருக்கின்றன. ஹரி பிரிக்னல் என்பவர் 2010 இல் இவற்றுக்கு இருட்டு வடிவங்கள் என்று பொருள்படும் பெயரையே வைத்தார். கடன் தருகிற செயலியில் "சம்மதம்" பச்சையில் பெரிதாகவும், வட்டி வீதம் எறும்பெழுத்தில் கீழேயும் இருந்தால் அழுத்த வேண்டாம். வெளியேறும் வழி கண்ணில் படாத திரைக்குள் காசோடு போகாதீர்கள். நுண்கடனில் பட்டது போதும்.

எங்கள் செயலி இப்போது கணக்குப் பார்க்க மட்டும்தான். காசு கட்டுவது இன்னும் கொப்பியிலும் கையெழுத்திலும். இரண்டு தரம் அழுத்தினாலும் ஒரு தரமே போகும்படி செய்யலாம் என்று தம்பி சொல்கிறார். நயினாதீவுச் சகோதரி அதை மட்டையில் கீறிக் காட்டச் சொல்லியிருக்கிறார். தானே அழுத்திப் பார்த்துத்தான் வாக்குப் போடுவாராம்.

அடுத்த மாதம் மட்டைகளோடு நெடுந்தீவுக்குப் போகிறோம். குறிகட்டுவானில் இருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகு. சிக்னல் இல்லாத இடத்தில் செயலி என்ன காட்ட வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. வெறுந்திரை காட்டினால் காசு போய்விட்டது என்று பயப்படுவார்கள். "கடைசியாகப் பார்த்த கணக்கு" என்று திகதியோடு காட்டலாம் என்பது என் யோசனை. அங்குள்ள அங்கத்தவர்களின் விரல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.