நிலவில் இறங்கும் நேரத்தில் திணறிய கம்ப்யூட்டர்! 2 வீரர்கள் தப்பியது எப்படி?

1969-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி. இந்தியாவில் அப்போது 21-ந்தேதி அதிகாலை நேரம். அமெரிக்க வீரர்கள் நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின் இருவரும் 'ஈகிள்' கலத்தில் நிலவை நோக்கி இறங்கிக் கொண்டு இருந்தனர். தரையைத் தொட இன்னும் சுமார் 10 கி.மீ. தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. '1202' என்ற எண் வந்து நின்றது. இதற்கு என்ன அர்த்தம் என்று பூமியில் இருந்த கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டார், ஆம்ஸ்ட்ராங்.

இறங்குவதா? பாதியிலேயே திரும்பி விடுவதா? சில வினாடிகளில் முடிவு சொல்லியாக வேண்டும்.

அது என்ன 1202?

"வேலை அதிகமாகி விட்டது, என்னால் முடியலை" என்று கம்ப்யூட்டர் போட்ட கூப்பாடு தான் அது.

அந்த கம்ப்யூட்டரின் எடை சுமார் 32 கிலோ. ஆனால் அழித்து எழுதும் நினைவகம் வெறும் 4 கிலோபைட். இன்றைக்கு செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக் கூட அதில் வைக்க முடியாது.

இதை வைத்துக் கொண்டு கலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, என்ஜினை எவ்வளவு இயக்க வேண்டும் என்று 2 வினாடிக்கு ஒரு தடவை கணக்கு போட வேண்டும். தாமதமாக வந்தால் சரியான விடையும் தப்பான விடை மாதிரி தான். இப்படிப்பட்ட வேலையைத்தான் 'ரியல் டைம்' என்கிறார்கள்.

ரேடாரால் வந்த வினை

தாய்க்கலத்துடன் மீண்டும் இணைவதற்காக ஒரு ரேடார் இருந்தது. இறங்கும்போது அதற்கு வேலையே கிடையாது. ஆனால் சுவிட்ச் இருந்த நிலையாலும், மின் இணைப்பு ஒத்துப் போகாததாலும் அர்த்தமில்லாத சிக்னல்கள் கம்ப்யூட்டருக்குள் கொட்டிக் கொண்டே இருந்தன. அதன் நேரத்தில் 13 முதல் 15 சதவீதம் வரை இதுவே தின்று விட்டது.

ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த கணக்கு வந்து நின்றது. வேலைகள் குவிந்தன. வைக்க இடம் இல்லை.

டோக்கன் பார்க்காத டாக்டர்

அரசு ஆஸ்பத்திரியில் காய்ச்சல், தலைவலி என்று வரிசை நீண்டு கிடக்கும். அப்போது விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வந்தால் டாக்டர் டோக்கன் நம்பரையா பார்ப்பார்? ரத்தம் கொட்டுகிறவரைத் தானே முதலில் பார்ப்பார்!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஹால் லேனிங் என்பவர் இதே முறையில் தான் அந்த கம்ப்யூட்டரை வேலை வாங்கும் திட்டத்தை வகுத்து இருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு அவசரம் என்று ஒரு எண். மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான குழு விண்கல மென்பொருளை உருவாக்கியது.

வேலை குவிந்ததும் கம்ப்யூட்டர் நொடிப்பொழுதில் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்து கொண்டது. கலத்தை ஓட்டும் வேலையை விட்ட இடத்தில் இருந்து பிடித்தது. வீரர்களுக்கு எண்களைக் காட்டுவது போன்ற அவசரம் இல்லாத வேலைகளைக் கழற்றி விட்டது.

கையால் எழுதிய பட்டியல்

கட்டுப்பாட்டு அறையில் முடிவு சொல்ல வேண்டியவர் 26 வயது ஸ்டீவ் பேல்ஸ். அவருக்கு உதவியாக பின் அறையில் 24 வயது ஜாக் கார்மன். பயணத்துக்கு முன் நடந்த ஒத்திகையில் இதேபோன்ற எச்சரிக்கை வந்தபோது, தேவையில்லாமல் பயணத்தை ரத்து செய்து விட்டனர். அதன் பிறகு கார்மன் எல்லா எச்சரிக்கை எண்களையும் ஒரு தாளில் கையால் எழுதி வைத்து இருந்தார்.

தாளைப் பார்த்தார். விட்டு விட்டு வந்தால் ஆபத்து இல்லை. "போகலாம்" என்று முடிவு பறந்தது. '1202' மொத்தம் 4 தடவையும், '1201' ஒரு தடவையும் வந்தன. ஆனாலும் கலம் பத்திரமாக இறங்கியது.

செவ்வாயிலும் சிக்கல்

ஆனால் அவசர எண் கொடுத்து விட்டால் மட்டும் போதாது. 1997-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி செவ்வாய் கிரகத்தில் இறங்கிய 'பாத்பைண்டர்' கலம் அடிக்கடி தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. வானிலை விவரம் சேகரிக்கும் சாதாரண வேலை ஒன்று, பொதுப்பாதையைப் பூட்டி வைத்து இருந்தது. அவசர வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்து நின்றது. நடுத்தர வேலைகள் இடையில் புகுந்து, சாதாரண வேலையை முடிக்க விடாமல் செய்தன.

என்ஜினீயர்கள் பூமியில் இருந்தபடியே மென்பொருளை மாற்றினர். அவசர வேலை காத்திருந்தால், பூட்டு வைத்திருக்கும் வேலைக்கும் அதே அவசரம் கிடைக்கும். அத்துடன் தொல்லை தீர்ந்தது.

வெளிநாட்டில் இருக்கும் மகனோடு செல்போனில் வீடியோவில் பேசும்போது சிக்னல் குறைந்தால் படம் மங்கும். பேச்சு மட்டும் கேட்கும். இதுவும் அதே கணக்கு தான். எல்லாம் கிடைக்காத நேரத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்து இருக்கிறார்கள்.