ஃபுல் டவர் இருந்தும் வீடியோ கால் ஏன் ஸ்டக் ஆகுது? ஸ்பீடு இல்ல பாஸ், டைமிங்தான் மேட்டர்!

``ஹலோ... நான் பேசுறது கேக்குதா?"

கடந்த சில வருஷங்களில் நாம் அதிகம் கேட்ட கேள்வி எது என்று போட்டி வைத்தால், முதல் பரிசு இதற்குத்தான். ஆன்லைன் இன்டர்வியூ, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால், டாக்டரோடு ஆன்லைன் கன்சல்ட்டேஷன் என எங்கே போனாலும் இந்தக் கேள்விதான் முதலில் நிற்கும்.

எனக்கும் ஒரு கதை இருக்கு. லாக்டௌன் நேரத்துல வீடியோ கால்ல ஒரு வேலைக்கு இன்டர்வியூ. கேள்வி காதில் விழுந்ததும் பதில் சொல்லிட்டேன். ஆனா, அது அந்தப் பக்கம் போய்ச் சேர ஒரு செகண்டுக்கும் மேல ஆச்சு. நான் யோசிக்கிறேன்னு நினைச்சு அவங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறது, ஒரே நேரத்துல ``சாரி, நீங்க சொல்லுங்க"ன்னு நிறுத்துறது... இப்படியே முடிஞ்சுது. ``பதில் சொல்ல ரொம்பத் தயங்குறீங்க, தன்னம்பிக்கை வேணும்" என்று மெயில் வந்தது. போன்ல ஃபுல் டவர், ஸ்பீடு டெஸ்ட் போட்டா 40 எம்.பி.பி.எஸ். அப்புறம் ஏன் இப்படி?

அன்னிக்கு எனக்குத் தெரியாத பதிலைத்தான் இங்கே சொல்லப் போறேன்.

லேட்டா வந்தா, வராததுக்குச் சமம்!

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. இலையில் சாதம் விழுந்ததும் சாம்பார் வரணும். நீங்கள் பாயசத்துக்கு வந்த பிறகு ஒருவர் வாளியோடு வந்து, ``சாம்பார் வேணுமா?" என்று கேட்டால் என்ன பிரயோஜனம்? எவ்வளவு சாம்பார் இருக்கு என்பதல்ல, எப்போ வருது என்பதுதான் விஷயம்.

வீடியோ காலும் அப்படித்தான். நீங்கள் பேசும்போது உங்கள் குரல் முழு வாக்கியமாகப் போவதில்லை. பெரும்பாலும் 20 மில்லி செகண்ட் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் போகிறது. அதாவது, ஒரு செகண்டுக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது அந்தப் பக்கம் ஆஜராக வேண்டும். தவறவிட்டால் அந்த இடத்தில் சத்தம் இருக்காது, அல்லது `கரகர' என்று கேட்கும்.

இணையத்தில் தகவல் அனுப்ப இரண்டு முக்கிய முறைகள் உண்டு. முதலாவது டி.சி.பி. ஒரு பொட்டலம் தொலைந்தால், மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கி, வரிசை மாறாமல் அடுக்கித் தரும் நேர்மையான ஆள். பேங்க் ஆப்புக்கும் மெயிலுக்கும் இதுதான் சரி. பணம் அனுப்பும்போது ஒரு சைபர் தொலைந்துபோனால் என்ன ஆகும்? ஆனால், பேச்சுக்கு இந்த நேர்மையே தொல்லை. தொலைந்துபோன `வ'வுக்காகக் காத்திருந்து, அதற்குப் பின்னால் வந்த `ணக்கம்' முழுவதையும் நிறுத்தி வைத்துவிடும்.

இரண்டாவது யு.டி.பி. ``போனது போகட்டும், அடுத்ததைப் பார்" என்கிற டைப். வீடியோ கால்கள் பெரும்பாலும் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

இந்தப் பஞ்சாயத்து நேற்று வந்ததில்லை. இணையத்தின் தாத்தாவான ஆர்பாநெட்டில், 1974-லேயே மனிதக் குரலை நேரடியாக அனுப்பிப் பார்த்தார்கள். அந்த முயற்சியில் முக்கியமானவர் டேனி கோஹன். `பேச்சுக்குத் தேவை முழுமை இல்லை, நேரம்தான்' என்பது அவர் தரப்பு வாதம். அப்போது ஒரே கட்டாக இருந்த டி.சி.பி, 1978-ல் டி.சி.பி, ஐ.பி என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1980-ல் யு.டி.பி வந்தது. இந்தப் பிரிவினைக்குக் குரல் ஆராய்ச்சியும் ஒரு முக்கியக் காரணம். இன்று நீங்கள் பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதற்கான வழி அப்போதே போடப்பட்டுவிட்டது!

கடல் குற்றவாளி இல்லை, க்யூதான்!

``அப்பா சிங்கப்பூர்ல இருக்கார், தூரம்ல... அதான் லேட்" என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழை கேபிளில் ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கேபிள் கொஞ்சம் சுற்றிப் போனாலும் 20 மில்லி செகண்டுக்குள் கடலைத் தாண்டிவிடும்.

ஒரு வழிப் பயணம் 150 மில்லி செகண்டுக்குள் முடிந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். 400-ஐத் தாண்டினால் ரொம்பவே சிரமம். அப்படியென்றால் கடலுக்குப் போக நிறைய நேரம் பாக்கி இருக்கிறது. அதைத் தின்பது யார்? வழியில் இருக்கும் க்யூக்கள். உங்கள் வீட்டு வைஃபை ரௌட்டர், தெருமுனை டவர், நடுவில் இருக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் பொட்டலங்கள் வரிசையில் நிற்கின்றன.

அதிலும் ஒரு சிக்கல். ஒரு பொட்டலம் 40 மில்லி செகண்டில் வரும், அடுத்தது 120-ல் வரும், அதற்கடுத்தது 60-ல் வரும். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் `ஜிட்டர்'. ஸ்பீடு டெஸ்ட்டில் பெரிய எழுத்தில் தெரியும் எம்.பி.பி.எஸ்-ஐ மட்டும் பார்க்கிறோம். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் `பிங்', `ஜிட்டர்' இரண்டையும் யாருமே கண்டுகொள்வதில்லை. வீடியோ காலுக்கு ஹீரோவும் வில்லனும் அவங்க ரெண்டு பேர்தான்.

மொட்டை மாடி டேங்க் டெக்னிக்

தண்ணீர் எப்போ வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் உங்கள் வீட்டுக் குழாயில் ஒரே சீராகக் கொட்டுகிறதே, எப்படி? மொட்டை மாடியில் டேங்க் இருக்கு. மல்ட்டிமீடியா உலகில் அந்த டேங்குக்குப் பெயர் `பஃபர்'. முன்னும் பின்னுமாக வரும் பொட்டலங்களைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, ஒரே சீராக வெளியே விடும்.

நெட்ஃப்ளிக்ஸ், யூடியூபுக்கு டேங்க் பெருசு. அடுத்த பல செகண்டுகளுக்கான காட்சியை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளும். நடுவில் நெட் கொஞ்சம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனால், வீடியோ காலில் டேங்கைப் பெருசாக்க முடியாது. அது நிரம்பும் நேரமெல்லாம் பேச்சில் தாமதமாகச் சேருமே! எனவே, மிகச் சின்ன டேங்க். கொஞ்சம் தடை வந்தாலும் காலி. யூடியூப் ஜம்முனு ஓடுற அதே நெட்ல கால் மட்டும் உறைந்துபோவதன் ரகசியம் இதுதான்.

லைவ் கிரிக்கெட் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. பக்கத்து வீட்டில் ``சிக்ஸர்ர்ர்" என்று கத்துறாங்க, உங்க மொபைல்ல பவுலர் இப்பதான் ஓடி வர்றார். கடுப்பாகுமா இல்லையா? பக்கத்து வீட்டில் பார்ப்பது டி.டி.ஹெச்சாக இருக்கும். உங்கள் ஆப்பிலோ, காட்சி சில செகண்ட் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த ஹெச்.எல்.எஸ் முறையில், ஒரு துண்டுக்கு 6 செகண்ட் என்பது அந்த நிறுவனமே தரும் பரிந்துரை. மூன்று துண்டுகளைச் சேமித்துவிட்டு ஓட ஆரம்பித்தாலே 18 செகண்ட் காலி!

ஆனால், இப்படி வெட்டுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒரே துண்டைப் பல ஊர்களில் இருக்கும் சர்வர்களில் பிரதி எடுத்து வைத்து, உங்களுக்குப் பக்கத்திலிருந்தே கொடுக்கலாம். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை, ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் வரை பார்க்க முடிந்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

சாதாரண கால் மட்டும் எப்படித் தெளிவா இருக்கு?

நல்ல கேள்வி. வாட்ஸ்அப் கால் கட்டாகுது, அதே இடத்தில் நம்பருக்கு டயல் பண்ணினால் கணீரென்று கேட்குது. காரணம், 4ஜி நெட்வொர்க்கில் வோல்ட்இ எனப்படும் சாதாரண காலுக்குத் தனி வழி உண்டு.

இதற்கான விதிமுறையைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று புரியும். குரல் காலுக்கு, போனிலிருந்து நிறுவனத்தின் நெட்வொர்க் எல்லை வரை 100 மில்லி செகண்ட்தான் கெடு. ஆனால், 100 பொட்டலங்களில் ஒன்று தொலைந்தாலும் பரவாயில்லை. சாதாரண இன்டர்நெட் டேட்டாவுக்கு நேர் எதிர். 300 மில்லி செகண்ட் வரை தாமதம் ஓகே, ஆனால் 10 லட்சத்தில் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. வாட்ஸ்அப் கால் பொதுவாக இந்த இரண்டாவது க்யூவில், பக்கத்தில் ரீல்ஸ் பார்ப்பவரோடும், படம் டவுன்லோடு போட்டிருப்பவரோடும் முட்டி மோதிக்கொண்டு வருகிறது.

``எல்லா ஆப்புக்கும் தனி வழி கொடுத்தா என்னவாம்?" என்று கேட்கலாம். ரோட்டில் எல்லா வண்டியும் சைரன் போட்டால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? தவிர, யார் காசு கொடுத்தாலும் அவருக்கு முன்னுரிமை என்று ஆகிவிடக் கூடாது. அதனால்தான் இந்தியாவில் 2018-ல் ஏற்கப்பட்ட இணையச் சமநிலை விதிகள், ஒரு ஆப்புக்குச் சலுகை, இன்னொன்றுக்குத் தடை என்பதை அனுமதிப்பதில்லை. தொலைதூர அறுவை சிகிச்சை போன்ற தனிச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

போனுக்குள்ளயும் ஒரு டிராஃபிக் போலீஸ்

பழியை எல்லாம் நெட்வொர்க் மேல போட்டுட முடியாது. பொட்டலம் கரெக்டா வந்துடுச்சு, ஆனா உங்க போன் பிஸியா இருந்தா?

வீடியோ காலின்போது உங்கள் போன் கேமராவிலிருந்து படம் எடுக்கணும், சுருக்கணும், அனுப்பணும். அதே நேரத்தில் வந்த படத்தை விரிக்கணும், சத்தத்தோடு பொருத்தணும், திரையில் காட்டணும். செகண்டுக்கு 30 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 33 மில்லி செகண்ட்தான். இதற்கிடையில் மற்ற ஆப்களும் `எனக்கு, எனக்கு' என்று பிராசஸரைக் கேட்கும். யாருக்கு முதலில் பச்சை சிக்னல் என்று முடிவுசெய்வது ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. ஒலி சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு அது முன்னுரிமை தரும். படம் கொஞ்சம் தடுமாறினால் கண் மன்னித்துவிடும். காது மன்னிக்காது.

உதட்டசைவும் குரலும் ஒத்துப்போவதும் இங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் நேர முத்திரை இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறது போன். குரல் முந்தினால் 45 மில்லி செகண்டிலேயே நமக்கு உறுத்த ஆரம்பித்துவிடும். பிந்தினால் 125 வரை கண்டுபிடிக்க மாட்டோம். மின்னல் முன்னே, இடி பின்னே என்று பழகிய ஆட்களாச்சே!

போன் சூடானால் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி சேவர் போட்டாலும் பல போன்களில் அதே கதைதான். சார்ஜ் போட்டுக்கிட்டே ஒரு மணி நேரம் பேசும்போது, கடைசி இருபது நிமிஷம் மட்டும் படம் இழுப்பதன் காரணம் சில சமயம் டவர் இல்லை, சூடு!

முக்கியமான கால் இருக்கா? இதைப் பண்ணுங்க!

* ஸ்பீடு டெஸ்ட்டில் பிங், ஜிட்டர் பாருங்கள். பிங் 100-க்குள், ஜிட்டர் 30-க்குள் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி.

* போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், பெரிய ஃபைல் அப்லோடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வீட்டில் ஒருவர் வீடியோ அப்லோடு போட்டாலே ரௌட்டரில் க்யூ நீண்டு, உங்கள் குரல் கடைசியில் போய் நிற்கும்.

* ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் அதில் இணையுங்கள்.

* பேட்டரி சேவரை அணைத்துவிட்டு, முன்கூட்டியே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

* ப்ளூடூத் ஹெட்செட் தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும். வயர் இயர்போன் பழசுதான், ஆனா கெத்து.

* தடுமாறினால் முதலில் வீடியோவை ஆஃப் செய்யுங்கள். படத்துக்குத் தேவைப்படும் டேட்டாவில் மிகச் சிறு பங்குதான் குரலுக்குத் தேவை.

* இன்டர்வியூ, டாக்டர் கால் என்றால், ஆரம்பத்திலேயே போன் நம்பரைக் கொடுத்து, ``கட்டானால் இதில் கூப்பிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தனி வழி சும்மாதானே இருக்கு!

அந்தத் தயக்கம் அவருடையது இல்லை

2014-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேசுபவர்களுக்கு நடுவே வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். நெட்வொர்க் செய்த தவற்றை எதிரில் இருப்பவரின் குணமாகவே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1.2 செகண்ட் அளவுத் தாமதத்தில், எதிரில் பேசுபவரின் கவனமும் நட்பும் குறைவு என்றே தோன்றியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த மெயில்தான் ஞாபகம் வந்தது. அந்த இன்டர்வியூ எடுத்தவர்மேல் இப்போ கோபம் இல்லை. அவருக்கும் தெரிஞ்சிருக்காது.

நாளைக்கு நீங்களும் காலின் அந்தப் பக்கம் உட்காரலாம். ஒருவர் பதில் சொல்லத் தாமதிக்கிறார் என்றால், அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். ஊரிலிருந்து பேசும் அம்மா ஒரு நொடி மௌனமாக இருந்தால், ``என்ன, கோவமா?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இன்னும் ரெண்டு செகண்ட் பொறுங்க.

அவங்க பதில் சொல்லியிருப்பாங்க. அது வழியில வந்துக்கிட்டு இருக்கும்.