எழுத்தும் எண்ணும்

கல்முனையில் தமிழில் தட்டச்சுச் செய்து அனுப்பிய மடலொன்று, அம்பாறையிலுள்ள கணினியில் திறக்கப்படும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகக் காட்சியளிப்பதுண்டு. அனுப்பியவரும் பிழை செய்திலர்; பெற்றவரது கணினியும் பழுதுற்றதன்று. பின் இக்குழப்பம் எதனால் விளைகின்றது?

கணினி எழுத்துக்களை எண்களாகவே சேமிக்கின்றது. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய ‘பாமினி’ எழுத்துருவில் அகரத்துக்கெனத் தனி எண் இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்தாகிய ‘எம்’ என்பதன் எண்ணாகிய 109ஐயே அது இரவல் பெற்றது. அவ்வெழுத்துரு இல்லாத கணினி 109ஐக் கண்டதும் ‘எம்’ என்றே காட்டும்.

1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறி இக்குறையைத் தீர்த்தது. அதில் அகரத்தின் எண் 2949. வேறெம்மொழி எழுத்துக்கும் அவ்வெண் உரியதன்று. ஆதலால் ஒருங்குறியில் எழுதிய மடல் இன்றைய கணினிகளில் தமிழாகவே திறக்கும்.

எனினும் பழைய முறையில் எழுதப்பட்ட பாடசாலைப் பதிவுகளும் பள்ளிவாசல் நிருவாகக் குறிப்புகளும் தாமாக மாறிவிடமாட்டா. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஆட்பெயர்களை மூலத்தோடு ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. ஓரெழுத்துப் பிழையும் உரிமைக்கு இடராகலாம். ஏடு செல்லரிக்குமுன் படியெடுத்து வைத்தனர் நம் முன்னோர். கணினியிலுள்ள ஏடுகளுக்கும் அக்கவனம் வேண்டும்.