வலிக்காத கண்ணைக் கவனியுங்கள்

செவி நரம்பில் வளரும் அக்கூஸ்டிக் நியூரோமா என்ற கட்டி புற்றுநோய் அல்ல. ஆனால் வளரும் இடம் பொல்லாதது. மூளைத்தண்டிலிருந்து புறப்படும் முகநரம்பு அதை ஒட்டியே போகிறது. கட்டியைப் பிரித்தெடுக்கும்போது நரம்பு அறுபடாவிட்டாலும் இழுபட்டு நசுங்கலாம். அதனால் ஒரு பக்க முகம் தொங்கிவிடும். சிலருக்கு அது ஆபரேஷன் முடிந்த கையோடு தெரியும், சிலருக்குச் சில நாள் கழித்துத்தான் தெரியவரும். குடிக்கும் தண்ணீர் வாயோரம் வழியும், சோறு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தங்கும். வாரங்களோ மாதங்களோ கழித்துக் கன்னம் துடிக்கவோ உதட்டோரம் இழுக்கவோ தொடங்கினால், ‘கட்டி மறுபடி வந்துவிட்டதா?’ என்று வீடே கலங்கிப்போகிறது. ஆனால் பயமுறுத்தும் இந்தத் துடிப்பில் பெரும்பாலும் ஆபத்து இல்லை. உண்மையான ஆபத்து வலியே தராமல் வரும். இந்த வித்தியாசத்தை நோயாளிக்குச் சொல்லி அனுப்புவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

முகநரம்பின் முக்கிய வேலை தசைகளை அசைப்பது. நாக்கின் முன்பகுதிச் சுவையும், கண்ணீரும் உமிழ்நீரில் ஒரு பங்கும்கூட அதன் பொறுப்பு. முகத்தின் தொடு உணர்வும் வலியும் ஐந்தாம் மண்டை நரம்பு வழியாக மூளைக்குப் போகின்றன. அடிபட்ட முகநரம்பு இழைகள் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் மீண்டும் வளரும். அதனால்தான் முகம் தேற மாதக்கணக்கில் ஆகிறது. வளரும் இழைகள் தசையை எட்டும்போது துடிப்பும் இழுப்பும் தோன்றலாம். சில இழைகள் தடம் மாறி வேறு தசையில் போய்ச் சேர்ந்தால், சிரிக்கும்போது கண் சுருங்கும். உமிழ்நீருக்கான இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால் சாப்பிடும்போது கண்ணீர் வடியும். இவை கட்டி திரும்பியதற்கு அடையாளம் அல்ல, அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் சொல்ல முடியும். துடிக்கிறது என்பதற்காக நரம்பு முழுக்கத் தேறிவிட்டது என்று நினைப்பதும் தவறு.

அஞ்ச வேண்டியது கண்ணுக்குத்தான். இமை மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் விழும். சாதாரணமாக ஒரு தூசி விழுந்தாலே கண் உறுத்தி நம்மை எச்சரிக்கும். கட்டி பெரிதாக இருந்து ஐந்தாம் நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த உறுத்தலே இருக்காது. புண் ஆழமாகிப் பார்வை மங்கும்வரை நோயாளி ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே கண் வலிக்கவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பகலில் டாக்டர் சொன்ன சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையைச் சரியாக மூடி டேப் ஒட்டுவது, தினமும் கண் சிவந்திருக்கிறதா என்று வீட்டார் பார்ப்பது ஆகிய மூன்றையும் விடக் கூடாது. கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். மூக்கிலோ தையலிலோ தண்ணீர் போன்ற திரவம் கசிந்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையைச் சூழ்ந்த நீர் கசிவதும் மூளைக்காய்ச்சலும் வீட்டில் வைத்துப் பார்க்கும் கோளாறுகள் அல்ல.

‘கரண்டு வைத்தால் சீக்கிரம் சரியாகும்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதனால் நரம்பு வேகமாக வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. முகத்தை மூச்சுப்பிடித்துக் கோணிப் பயிற்சி செய்வது, தடம் மாறிய இழுப்பைக் கூட்டிவிடக்கூடும். கண்ணாடி முன் உட்கார்ந்து மெதுவாக, அளவாகச் செய்யும் பயிற்சியே நல்லது. அதையும் முகவாதத்தில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்டிடம் கற்க வேண்டும். ‘பொறுத்திருந்தால் தானே சரியாகும்’ என்பது பாதி உண்மைதான். நரம்புத் தொடர்பில்லாத தசை நாளாக ஆக மெலிந்துவிடும். வேறு நரம்பை இணைத்து முகத்தை அசைய வைக்கும் அறுவைகளைப் பொதுவாக ஒன்று, ஒன்றரை வருடத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். முதல் சில மாதங்களில் அசைவின் சாயலே இல்லையென்றால் இது பற்றி டாக்டரிடம் நோயாளியே கேட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் முன்கூட்டிச் சொன்னால் நோயாளி பயந்து ஆபரேஷனையே மறுத்துவிடுவார் என்று சில டாக்டர்கள் தயங்குகிறார்கள். தயக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சட்டம் வேறு பக்கம் நிற்கிறது. சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் அளித்த தீர்ப்பின்படி, சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான அபாயங்கள் ஆகியவற்றை விளக்கிப் பெறுவதே செல்லுபடியாகும் ஒப்புதல். அபூர்வமான அபாயங்களைச் சொல்லத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இந்த அறுவையில் முகம் தொங்குவது அபூர்வமான ஒன்றல்லவே! அதே சமயம், முகம் தொங்கிவிட்டது என்பதற்காக அதை மருத்துவ அலட்சியம் என்றும் சொல்லிவிட முடியாது. திறமையான கையிலும் அது நேரலாம். சொல்லாமல் விட்டதும், கண்ணைப் பார்க்காமல் விட்டதுமே கேள்விக்குரியவை.

கேள்வி எழுப்பக் கையில் காகிதம் வேண்டும். முகவாதத்தை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலில் உங்கள் நிலை எது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. டாக்டரின் நடத்தை பற்றிய புகாருக்கு மாநில மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் குறையென்றால், 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. இழப்பீடு கிடைத்தாலும் போன பார்வை திரும்பாது. ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் முன், கண்ணை எப்படிக் காப்பது, எது நேர்ந்தால் எங்கே வருவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.