பூவார்: ஆறும் கடலும் ஆக்கிய தீவு

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுள் சிலர், விடுமுறையில் ஊர் திரும்புங்கால் பூவார்த் தீவைக் காண விழைகின்றனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமே தீவு எனப்படும். பூவார் அத்தகையதன்று. அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை வட்டத்தில் அரபிக் கடலோடு கலக்குமிடம் அது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்மேட்டைப் படகேறியே அடைகின்றனர். ஆதலின் தீவு என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

ஆறு கடலில் புகும் வாயிலை இக்கரையோர மக்கள் ‘பொழி’ என்பர். மழைக்காலத்தில் வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு பாயும். கோடையில் ஆற்றின் விசை குன்றவே, அலைகள் மணலைக் குவித்து வாயிலை அடைத்துவிடும். அவ்வேளையில் பெருமழை பெய்தால் ஆற்றுநீர் தாழ்ந்த தோப்புகளிலும் வீடுகளிலும் ஏறும். அப்போது பொழியை வெட்டித் திறப்பர்.

முன்னாளில் கட்டுமரமும் கரைமடியும் இங்குப் பிழைப்பாயிருந்தன. திருவனந்தபுரத்தைக் குமரியோடு இணைக்க 1860-இல் தொடங்கப்பெற்ற அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், முற்றுப்பெறாவிடினும், பூவாருக்குத் தெற்கே நீர்வழியாய்ப் பயன்பட்டது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே எல்லை வகுக்கப்பட்டது. ஆயினும் பாறசாலைப் பக்கத்துக் கடைத்தெருக்களில் இன்றும் இரு மொழிகளும் ஒலிக்கின்றன.

இப்போது உல்லாசப் பயணிகளை ஏற்றிய விசைப்படகுகள் கண்டல் மரங்களினூடே செல்கின்றன. ஆற்றின்மேல் மிதக்கும் குடில்கள் உள்ளன. படகோட்டலும் விடுதிப் பணியும் புதிய வருவாயாயின. எனினும் கடற்றொழில் ஒழியவில்லை. அதன் இடரும் ஒழியவில்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் எல்லையின் இருபுறத்து மீனவர் பலர் உயிரிழந்தனர்.

வேறோர் இடரும் உண்டு. கரையைக் காப்பது ஆறு கொணரும் மணல். 1958-இல் எழுந்த நெய்யாறு அணை அதில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. ஆற்றில் மணல் அள்ளியதாலும் அது குறைந்தது. அருகிலுள்ள பொழியூரில் கடலரிப்பு வீடுகளைக் கொண்டுபோயிற்று. மணல் குன்றினால் மீனவர் குடிலுக்கும் பயணியர் விடுதிக்கும் ஒருங்கே கேடு சூழும்.

பூவார் செல்வோர், பொழிமுகத்து நீரோட்டம் வலிதாதலின் அங்கே நீராட இறங்கலாகாது. கரைமடி இழுப்போர்க்கு வழிவிட்டு நிற்றலும் வேண்டும். அம்மணற்பரப்பு நமக்குக் காட்சி; அவர்களுக்கோ தொழிற்களம்.