எந்த நகருக்குப் போவது?

ஊர் விட்டு ஊர் பெயர்ந்து வாழ்தல் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் புதியதன்று. ஆயினும் நம்மிற் பெரும்பாலோர் வந்த ஊரைத் தாமே தெரிந்தெடுத்தவரல்லர். என் போன்ற இரயில்வே எழுத்தரை மாற்றல் உத்தரவு அழைத்துச் செல்கிறது. பிறரை வேலை கொடுத்தவர் அழைத்துக் கொள்கிறார். சொந்தத் தொழில் நடத்துவோர் நிலை வேறு. போகும் ஊரை அவர்களே தேர வேண்டும். தேர்வு பிழைத்தால் நொந்துகொள்ள வேறொருவர் இல்லை.

பெங்களூரில் கட்டடக் கலைக் காரியாலயம் நடத்திவரும் நம் சங்க அன்பர் ஒருவர் சென்ற மாதம் இவ்வினாவை என்னிடம் எழுப்பினார். காரியாலயத்தை வெளிநாட்டிற்கு மாற்ற எண்ணுகிறார். லண்டனா, சிங்கப்பூரா என்பது அவர் ஐயம். அதற்கு இங்குள்ள வீட்டை விற்று முதலாக்க வேண்டும். அவரை நம்பிப் படம் வரையும் ஊழியர் அறுவர் இருக்கின்றனர். கட்டடக் கலையில் எனக்குப் பயிற்சி இல்லை. எனினும் இதே வினாவை எதிர்கொண்ட மூவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். மூவரும் ஜெர்மனியில் தொழில் கற்று, 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் வெளியேறியவர்கள்.

முதலாமவர் எரிக் மெண்டல்ஸான். பாட்ஸ்டாமில் ஐன்ஸ்டைன் கோபுரத்தை அமைத்தவர்; பெர்லினில் பெரிய காரியாலயம் நடத்தியவர். யூதராதலால் 1933இல் அனைத்தையும் விட்டு லண்டன் சேர்ந்தார். அங்கு ஏற்கெனவே வேரூன்றியிருந்த செர்ஜ் செர்மயெஃப் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். ஆங்கிலக் கடற்கரை ஊராகிய பெக்ஸ்ஹில்லில் இருவரும் அமைத்த டி லா வார் மண்டபம் 1935இல் திறக்கப்பட்டது. ஆயினும் ஜெர்மனியில் அவரைக் கொண்டு பெருங் கடைகள் கட்டுவித்த ஷாக்கன் என்னும் வணிகர் எருசலேமில் குடியேறியிருந்தார். அவருக்கு ஒரு வீடும் நூலகமும் கட்டும் பொறுப்பு மெண்டல்ஸானுக்கு வந்தது. எருசலேமில் ஒரு பழைய காற்றாலையிலேயே காரியாலயம் அமைத்துக்கொண்டார். இவ்வாறு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாகச் சில ஆண்டுகள் கழிந்தன. 1936இல் லண்டன் கூட்டு முறிந்தது. 1939இல் போர் மூண்டது. 1941இல் அமெரிக்கா சென்றார். 1945இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் குடியேறி மீண்டும் தொழிலைத் தொடங்கியபோது அவருக்கு வயது 58. அதன்பின் எட்டே ஆண்டுகள் வாழ்ந்தார். காலத்தின் கொடுமைக்கு அவரைக் குறைகூற இயலாது. ஆனால் ஒவ்வொரு பெயர்ச்சியும் ஒரு கலைஞனிடம் எத்தனை ஆண்டுகளை வாங்கிக்கொள்கிறது என்பதை இங்குக் காண்கிறோம்.

இரண்டாமவர் மீஸ் வான் டெர் ரோ. இவர் 1938இல், தமது 52ஆம் வயதில், சிகாகோ நகருக்குச் சென்றார். ஆங்கிலம் மிகச் சிறிதே அறிவார். ஆனால் அங்கோர் பொறியியற் கல்லூரி தன் கட்டடக் கலைத் துறைக்குத் தலைவராக அவரை அழைத்திருந்தது. மாதச் சம்பளம் முதலில். கட்டட வேலை பின்னர். அக்கல்லூரி வளாகத்தையே வடிவமைக்கும் பணியும் அவரிடம் வந்தது. 1951இல் ஏரிக்கரையில் அவர் எழுப்பிய 26 மாடி இரட்டைக் குடியிருப்புகள் உலகெங்கும் பின்பற்றப்பட்டன. 1969இல் இறக்கும் வரை அந்நகரை விட்டு அவர் பெயரவில்லை.

மூன்றாமவர் நம்மூருக்கே வந்தவர். ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் எகிப்து வழியாக 1939இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்றார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அவர் அமைத்த கட்டடங்கள் உள்ளன. புவனேசுவரத்திற்கு நகரத் திட்டம் வகுத்தவரும் அவரே. 1951இல் லண்டன் சென்றார். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பக் கட்டும் முறையை இங்கு கற்றிருந்தார். அவ்வறிவை நாடியோர் லண்டனில் இருந்தனர். 1954இல் அங்கு ஒரு கலைப் பள்ளியில் தொடங்கிய வெப்பமண்டலக் கட்டடக் கலைத் துறைக்குப் பின்னர் தலைவருமானார். அவர் கப்பலேற்றிச் சென்ற முதல், இந்தியாவில் பெற்ற அனுபவமே.

இம்மூவர் வாழ்விலிருந்து மூன்று கேள்விகளைக் குறித்துக்கொண்டேன். போகும் ஊரில் முதல் வேலை தருபவர் யார்? நம் கையிலுள்ள அறிவு அங்குப் பயன்படுமா? நம் கையெழுத்து அங்குச் செல்லுமா? மூன்றாவது கேள்வி சட்டத்தைப் பற்றியது. நம் நாட்டுப் பதிவு வெளிநாட்டில் தானாகச் செல்லுபடியாகாது. பிரிட்டனில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்நாட்டுப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தொழிலில் சொல்லிக்கொள்ளலாகாது. படம் வரைவதற்குத் தடையில்லை. சிங்கப்பூரிலோ பெயருக்கு மட்டுமன்றித் தொழிலுக்கே அந்நாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்திற்கு மாநிலம் தனி உரிமம்.

இவற்றை அன்பரிடம் வைத்தேன். லண்டனில் அவருக்கு மைத்துனர் இருக்கிறார். வேலை தருவோர் எவருமில்லை. சிங்கப்பூரில் உறவினர் இல்லை. ஆனால் பெங்களூரில் அவரைக் கொண்டு வீடு கட்டுவித்த வணிகர் ஒருவர் அங்குக் கிடங்கு கட்ட முற்பட்டிருக்கிறார். வெயிலும் மழையும் அன்பருக்குப் பழகியவை. தடையாயிருப்பது சான்று ஒன்றே.

நெடுநேரம் பேசாதிருந்தவர், “மைத்துனர் இருப்பதால் லண்டனை நினைத்தேன். அவர் சோறு போடுவார்; ஆறு பேருக்குச் சம்பளம் போடமாட்டாரே!” என்றார். இப்போது சிங்கப்பூரில் பதிவு பெற்ற கலைஞர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து அக்கிடங்கு வேலையை மட்டும் ஏற்கப் போகிறார். பெங்களூர்க் காரியாலயம் திறந்தே இருக்கும். மூத்த ஊழியர் பொறுப்பேற்பார். வீட்டை விற்கக் கொடுத்த விளம்பரத்தை நிறுத்திவிட்டார். கிடங்கு முடிந்தபின் மற்றவற்றை எண்ணுவதாகக் கூறினார். அன்னார் முயற்சி கைகூடுக.